நேரில் போய்ச் சொல்ல

கமலாம்பிகை அக்காவின் ஹோண்டா எழுபதுக்கு மூன்று கியர். அதில் இரண்டாவது கியருக்கு எங்கள் வீட்டுச் சேவலைக் கண்டால் பயம். சேவல் குறுக்கே வந்தால் வண்டி தானாகவே முதல் கியருக்கு இறங்கிவிடும். அந்த வண்டியைப் பலமுறை பிரித்துப் பூட்டியவன் நான், சீனி முகம்மது. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ரொம்பக் காலம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவன். கோளாறு எங்கே என்று பிடிபடாமல் கடைசியில் சேவலை அறுத்துக் குழம்பு வைத்தோம். கியர் சரியாகிவிட்டது. நம்பாதவர்கள் என் மனைவி சலேஹாவைக் கேட்கலாம். குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் அவள் சொல்லுவாள்.

அக்கா கவர்மெண்டு தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலிக் புலாவ் மலைப்பாதை முழுக்க அந்த ஹோண்டாவில்தான் போய்ப் பிரசவம் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் வண்டிச் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட்டார்கள். மீதிப்பேர் அதே சத்தத்தைக் கேட்டு இரண்டு நாள் தள்ளிப் போட்டார்கள். கணவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காலமாகிவிட்டார். ஒரே மகள் யோகலட்சுமி பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பாயான் பாருவில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரிந்ததற்குச் சுவரைக் கட்டியவர்கள்தான் காரணம்.

பினாங்குப் பாலம் இன்னும் முடியாமல் கடலில் தூண்கள் மட்டும் நின்ற வருஷம் அது. சித்திரை பிறந்திருந்தது. காலையில் தார் ரோடு உருகும், மத்தியானம் மேகம் கறுக்கும், சாயங்காலம் சாக்கடை நிரம்பும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் நிபோங் திபாலிலிருந்து சிவக்கொழுந்து அம்மா வந்தார். அவருடைய மகன் யோகலட்சுமியின் ஃபேக்டரியிலேயே டெக்னீஷியன். பெண்ணும் பிள்ளையும் இரண்டு வருஷமாக ஒரே கேன்டீன் மேசையில் சாப்பிட்டார்கள். அதைப் பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தமாக மாற்றத்தான் அந்த அம்மா வந்திருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஸ்பார்க் பிளக் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“பொடியனுக்குப் பிடிச்சிட்டுது, நாங்களும் ஓம் எண்டிட்டம்,” என்றார் சிவக்கொழுந்து அம்மா. “ஆனால் கமலாம்பிகை, தாரை வார்த்துக் குடுக்க உங்கட பக்கத்திலை புருஷனும் பெஞ்சாதியுமா ஒரு சோடி வேணுமே. நீங்கள் தனிய. கோவிக்காதேங்கோ, சொல்லத்தானே வேணும்.”

“என்ரை அண்ணை இருக்கிறார். கெமாஸிலை.”

“இருக்கிறாரெண்டு தெரியும். வாறவரோ?”

அக்கா தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். “வருவார்.”

“தாய்மாமன் வந்து நிண்டால் நாளைக்கே நாள் பாப்பம். எங்கட சனத்தின்ரை வாய் உங்களுக்குத் தெரியும். பொம்பிளைப் பகுதிக்கு ஆக்களில்லையோ எண்டு ஒருத்தி கேட்டால் போதும், பொடியன்ரை தகப்பன் எழும்பிப் போயிடுவார். வராட்டி…” என்று சொல்லி அந்த அம்மா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

அண்ணன் பெயர் விநாசித்தம்பி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கைக்கும் அவருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. இவர்கள் தாயார் பினாங்கில் அக்கா வீட்டில் இறந்தபோது அக்கா கெமாஸ் ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டார். எடுத்தவன் ஒரு போர்ட்டர். ஐயா மூன்றாவது பிளாட்ஃபாரத்தில் இருந்தார். அவன் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமிருந்தே, பயணிகள், கடலைக்காரன், இரண்டு வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஐயா, உங்க அம்மா செத்துட்டாங்களாம்!” என்று கத்தினான். அவர்கள் வழக்கத்தில் பெற்ற தாயின் சாவை ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும். கல்யாணமும் அப்படித்தான். விநாசித்தம்பி வந்தார், கொள்ளி வைத்தார், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இரவு ரயிலுக்குப் போய்விட்டார்.

“அப்ப நேர்ல போய்ச் சொல்லிட்டா முடிஞ்சுது லா அக்கா,” என்றேன் நான், சுவருக்கு மேல் தலையை நீட்டி. “பட்டர்வொர்த்துல ஏறுனா கெமாஸ்ல எறங்கிரலாம்.”

“ரயிலிலை போகேலாது சீனி.”

“ஏன்?”

“டிக்கெட் குடுக்கிறவன் எங்கட ஆள். கார்டு எங்கட ஆள். ஈப்போவிலை கொடி காட்டுறவன் அண்ணிக்கு ஒண்டுவிட்ட தம்பி. நான் ஏறின உடனை ரயில்வே ஃபோனிலை போயிடும். நான் போய்ச் சேர முன்னம் அவர் வீட்டைப் பூட்டிப்போட்டு சிங்கப்பூரிலை மகளிட்டைப் போயிடுவார்.”

“பஸ்ஸு?”

“பஸ் ஏறினால் எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும்.”

அப்படியே நின்று வண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றது.

“அக்கா, இது பாலிக் புலாவ் போற வண்டி. கெமாஸ் போற வண்டி இல்ல லா.”

“ரோடு ஒண்டுதானே.”

மூன்று நாள் அதற்கு வேலை செய்தேன். செயின் மாற்றினேன், பிரேக் கட்டை மாற்றினேன், மழைத்தண்ணீர் போகாமல் பிளக்குக்கு சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினேன். யோகலட்சுமி இரவு வேலை முடிந்து வந்து வாசலில் நின்று அழுதாள்.

“எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்மா. ரெஜிஸ்தர் பண்ணிக்கிறோம். கையெழுத்துப் போட மாமா எதுக்கு?”

“கையெழுத்துப் போட்டுட்டு அந்த வீட்டிலைதானே போய் இருக்கப்போறாய். ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் உனக்கு ஆக்களில்லை எண்டு சொல்லுவினம். விரும்பிக் கட்டினதுக்கு நான் முப்பது வருஷம் கேட்டுட்டன். நீ கேக்கவேண்டாம்.”

அக்கா காதலித்துக் கட்டியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சுவர் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை விடியற்காலை புறப்பட்டார். கணவருடைய காற்சட்டை, அதற்கு மேல் தூக்கிச் செருகிய மெல்லிய பருத்திச் சேலை, அதற்கு மேல் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு. பின்னால் பெட்டியில் ஒரு பட்டுச் சேலை, வெற்றிலை பாக்கு, டின் நிறைய அரியதரம், அதாவது அவர்கள் ஊர் அதிரசம். தண்ணீர்மலை முருகனுக்குக்கூட அர்ச்சனை செய்யவில்லை. வரிசையில் பக்கத்தில் நிற்பவர் ரயில்வேக்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

இனி நான் சொல்வது அக்கா திரும்பி வந்து சொன்னது. இடையில் அவர் சொல்ல மறந்தவற்றை நான் நினைவுபடுத்தியிருக்கிறேன்.

ஃபெர்ரியைவிட்டு இறங்கி நிபோங் திபால் வந்தபோது வெயில் ஏறவில்லை. சிவக்கொழுந்து அம்மா வீடு ரோட்டோரம். அக்கா ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு தாண்டினார். பாகான் செராய் வயல்களில் வெயில் கண்ணைக் குத்தியது. தைப்பிங்குக்கு ஒரு மைல் இருக்கும்போது மழை ரோட்டுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நின்றது. அந்த ஊர் மழை எல்லையைத் தாண்டி வராது. அக்கா பிரேக் பிடித்தபோது முன்சக்கரம் நனைந்துகொண்டிருந்தது, பின்சக்கரத்தில் புழுதி பறந்தது. அதற்குப் பிறகு கோலா கங்சார் வரைக்கும் ரோடு எங்கே, ஆறு எங்கே என்று தெரியாது. ஒரு கெண்டை மீன் கொஞ்ச தூரம் கூடவே வந்து, சுங்கை சிப்புட் திருப்பத்தில் இடது பக்கம் போய்விட்டது.

பிறகு வெயில் அடித்தது. எப்படிப்பட்ட வெயில் என்றால் மழைக்கோட்டிலிருந்து ஆவி எழும்பியது. எதிரே வந்த லாரிக்காரச் சீனன் வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு இறங்கி ஓடிவந்தான். அக்கா கையை ஆட்டி, இல்லை, நான்தான் காய்கிறேன் என்றார். அவன் ஒரு பாக்கெட் சோயா பால் கொடுத்துவிட்டுப் போனான்.

சிரிக்கிற கதை இவ்வளவுதான். மீதி முழுக்கக் களைப்பு. ஈப்போ தாண்டியபோது வலது கட்டைவிரல் மரத்துவிட்டது. கம்பாரில் இடுப்பு. தப்பாவில் மறுபடி மழை பிடித்து, பஸ் நிற்கும் கொட்டகையில் ஒதுங்கினார். அங்கே ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர் பால்வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“எங்கேர்ந்து வர்றீங்கம்மா?”

“பினாங்கிலையிருந்து. கெமாஸுக்குப் போறன்.”

“இந்த மோட்டார்லயா? ஐயோ. யாரு தவறிட்டாங்க?”

“ஆரும் சாகேல்லை. கலியாணம் சொல்லப் போறன்.”

அந்த அம்மா மழையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “கல்யாணத்துக்கு இம்புட்டுத் தூரமா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை நீட்டினார். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு ஸ்லிம் ரிவரில் நோர்மா வீட்டில் தங்கினார். நோர்மாவும் அக்காவும் ஒன்றாகத் தாதிப் பயிற்சி எடுத்தவர்கள். நோர்மா அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பாலும் வைத்து, சுடுதண்ணீரில் அக்காவின் கையைப் பிடித்து விட்டார். பேச்செல்லாம் மலாயில்தான்; அக்காவை ‘காக்’ என்றுதான் நோர்மா கூப்பிடுவார்.

“ஒரு தந்தி அடிச்சா போதாதா காக்?”

“எங்கட ஆக்களுக்குப் போதாது.”

“எங்க வீட்டுக் கல்யாணத்துல கார்டே போகாதவங்ககூட வந்து சாப்பிட்டுட்டு, பொண்ணு பேரு என்னன்னு கேட்டுட்டுப் போவாங்க.”

“எங்கடையாக்கள் கார்டு கிடைச்சும் வரமாட்டினம். ஆர் கொண்டுவந்து தந்தது, எந்தக் கையாலை தந்தது எண்டு பாப்பினம்.”

“அண்ணன் வரலைன்னா?”

“தெரியேல்லை நோர்மா. எனக்கு யோசிக்க ஏலாமக் கிடக்கு. வண்டி ஓடுறவரைக்கும் ஓடுறன்.” கை தண்ணீரில் இருக்கும்போதே அக்கா உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.

மறுநாள் கோலாலம்பூர் புகை, செரம்பான் மேடு, தம்பின் பக்கம் காற்று. காற்று என்றால் வண்டி முன்னால் போக, அக்கா அதே இடத்தில் இருந்தார். கெமாஸ் வருவதற்கு முன் ஒரு பெட்ரோல் கடையில் நிறுத்தி, கழிப்பறையில் சேறு கழுவி, பட்டுச் சேலை மாற்றினார். வெளிர்நீலப் பட்டு. கல்யாணம் சொல்லப் போகிறவள் சேற்றோடு போகக் கூடாது. தலை சீவி வண்டியை உதைத்து ரோட்டுக்கு வந்தார். வானம் அதற்காகவே காத்திருந்த மாதிரி கொட்டியது.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சின்னப் பலகை வீடு. வாசலில் குரோட்டன்ஸ் செடிகள் காடாகிக் கிடந்தன. அக்கா டின்னை வண்டியிலேயே விட்டுவிட்டு முதலில் அண்ணன் முகத்தைப் பார்ப்போம் என்று கதவைத் தட்டினார். எட்டு வருஷம் கழித்து முதல் வார்த்தை என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்திருந்தார். கதவு திறந்தது. எல்லாம் மறந்துபோயிற்று. சிரித்தார்.

விநாசித்தம்பி பனியனும் சாரமுமாக நின்றார். எலும்பாகிவிட்டிருந்தார். தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வந்திட்டியோ,” என்றார். “அவ கடைசிவரைக்கும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ.”

அக்காவுக்கு விளங்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கூடத்துச் சுவரில் அண்ணி பரிமளத்தின் படம். படத்தில் காய்ந்த மாலை. கீழே விளக்கு.

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். எத்தனையோ வீட்டில் சாவைப் பார்த்த தாதி அவர். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், குழாயடியில் வாளியை நிரப்பி, பட்டோடு தலையில் ஊற்றினார். அவர்கள் வழக்கத்தில் உறவுக்காரர் இறந்த செய்தி எத்தனை மாதம் கழித்துக் காதில் விழுந்தாலும் விழுந்த உடனே தலை முழுக வேண்டும். ஏற்கெனவே மழையில் நனைந்துதானே நின்றார் என்று கேட்டேன். அது கணக்கில் வராதாம். தெரிந்து ஊற்ற வேண்டும். நாலாவது வாளியில்தான் அழுகை வந்தது.

அன்று மாலை அண்ணன் சமைத்தார். சோறும் டின் சார்டின் குழம்பும். பரிமளம் போனபிறகு அவர் கற்றுக்கொண்ட ஒரே குழம்பு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? ஃபோன் பண்ணினால் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ததாப் போகும். நேரிலை வர முழங்கால் வழங்கேல்லை. ஆள் விட இஞ்சை ஆர் இருக்கினம்? மகளும் செத்தவீட்டுக்கு வந்திட்டுப் போட்டாள்.” சோற்றைப் பிசைந்தபடியே பேசினார். “ரயில்வேக்காரர் எல்லாரும் வந்தவை. பினாங்கிலையிருந்தும் வந்தவை. ஆரும் உனக்குச் சொல்லியிருப்பினம், நீதான் வீம்புக்கு வரேல்லை எண்டு நினைச்சன்.”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“அவை, நான் சொல்லியிருப்பன் எண்டு நினைச்சிருப்பினம்.” குழம்புச் சட்டியைக் கிட்ட இழுத்தார். “ஐப்பசியிலை போனவ. ஆறு மாசம். பரவாயில்லை. நீ இப்பவெண்டாலும் கேள்விப்பட்டு வந்திட்டாய். அதுவும் இந்த மழைக்குள்ளை, மோட்டார் சைக்கிளிலை.”

அக்கா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “ஓம் அண்ணை,” என்றார். “போன கிழமைதான் கேள்விப்பட்டனான்.”

அவர் தலையை ஆட்டி, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மகள் கல்யாணம் என்ற வார்த்தையை அக்கா எடுக்கவில்லை. எடுக்க முடியாது. வருஷம் முடியாத சாவு வீட்டில் நின்று மங்கலம் சொல்வதா? சொல்லித்தான் என்ன? தாரை வார்க்கச் சோடி வேண்டும். சோடி இல்லை. இங்கிருப்பது ஒருத்தர், அதுவும் வருஷம் முடியும்வரை பந்தலுக்குள் கால் வைக்க முடியாதவர். பலகைத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். உடம்பு இன்னும் வண்டியில் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

காலையில் வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அண்ணன் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“கமலம், நீ இதுக்கு வரேல்லை.”

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

“நேத்து நான் கதவைத் துறக்கேக்கை நீ சிரிச்சுக்கொண்டு நிண்டனீ. செத்தவீட்டுக்கு வாறவள் சிரிச்சுக்கொண்டு வரமாட்டாள். பட்டும் உடுத்துக்கொண்டு வரமாட்டாள்.”

“நேத்தே தெரியுமோ?”

“தெரியும். எண்டாலும் நீ பொய் சொல்லேக்கை எனக்கு அது தேவையாக் கிடந்தது. அதாலை பேசாமல் விட்டன். சொல்லு, ஏன் வந்தனீ?”

“இந்த வீட்டுக்குள்ளை அதைச் சொல்லேலாது அண்ணை.”

அவர் யோசித்தார். சட்டையைப் போட்டார், கைத்தடியை எடுத்தார். “அப்ப வா.”

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கெமாஸ் சந்தி ஸ்டேஷன். கிழக்குக் கரைக்குப் போகும் பாதை அங்கேதான் பிரியும். பிளாட்ஃபாரம் கடைசியில், சாமான் வண்டிகள் நிற்கும் பக்கம், ஒரு சிமெண்ட் பெஞ்சு. அண்ணன் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

“இது ஆற்றையும் வீடில்லை. கவர்மெண்ட் இடம். இஞ்சை சாவுத் துடக்கும் இல்லை, சுபமும் இல்லை. சொல்லு.”

அக்கா வண்டியிலிருந்து எடுத்து வந்திருந்த டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று, முறைப்படி சொன்னார். யோகலட்சுமிக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, அண்ணனும் அண்ணியும் வந்து நின்று நடத்தித்தர வேண்டும் என்று. அண்ணியும் என்றபோது நாக்கு தடுக்கியது. ஆனால் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை அது, அப்படியே வந்துவிட்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிச் சாமான் வண்டிகளைப் பார்த்தார். பிறகு டின்னைத் திறந்து ஒரு அரியதரத்தை எடுத்தார்.

“அம்மா சுடுற மாதிரியே சுட்டிருக்கிறாய்.” மென்றார். “பெடியன் நல்லவனோ?”

“நல்லவன். தாய்க்காரி மட்டும் சனத்துக்குப் பயம்.”

“வருஷம் முடிய முன்னம் நான் வரேலாது. முடிஞ்ச பிறகும் நான் ஒண்டி. நீயும் ஒண்டி.”

“ரெண்டு பாதி சேந்தால் ஒண்டாகாதோ அண்ணை?”

“ஐயற்றை கணக்கிலை ஆகாது.” இன்னொரு அரியதரம் எடுத்தார். “போற வழியிலை அந்த மனுசியிட்டைச் சொல்லு. ஒளிக்காதை. நாளைக்கு வேறை ஆரும் சொல்லிக் கேள்விப்பட்டால் இன்னும் எட்டு வருஷம் போகும். நேரிலை சொல்லு.”

“நேரிலை சொல்லிச் சொல்லியே எனக்குக் களைச்சுப் போச்சு,” என்றார் அக்கா. “எல்லாருக்கும் நேரிலை போய்ச் சொல்லவேணும். ஆர் செத்தது, ஆர் பிறந்தது, ஆருக்குக் கலியாணம். எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லுறேல்லை.”

அண்ணன் டின்னை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிழக்குக் கரை ரயில் வந்தது. கார்டு இறங்கி, “மாஸ்டர், சுகமோ?” என்று கத்தினான். “சுகம். இவள் என்ரை தங்கச்சி,” என்று இவரும் கத்தினார். பிளாட்ஃபாரம் முழுக்கக் கேட்டது.

திரும்புகிற வழியில் மழையையும் வெயிலையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டும் இருந்தன. அக்கா கவனிக்கவில்லை. நோர்மா வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மத்தியானம் நிபோங் திபாலுக்கு வந்தார். ஆலை புகைந்துகொண்டிருந்தது, செம்பனை எண்ணெய் வாடை. தூறல் விட்டபாடில்லை. சிவக்கொழுந்து அம்மா வீட்டு வாசலில் நிறுத்தி, வண்டியைவிட்டு இறங்காமல், ஹாரன் அடித்தார். முன்னே நான் சொன்ன மீனையும் வாளியையும் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். இதில் கழிக்க ஒன்றும் இல்லை.

சிவக்கொழுந்து அம்மா வெளியே வந்து பார்த்தார். முழங்கால்வரை சேறு, வெளிறிப்போன முகம், மழைக்கோட்டு ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

“என்ன கமலாம்பிகை இது கோலம்? உள்ளை வாங்கோ.”

“வரேல்லை. செத்தவீட்டுக்குப் போட்டு வாறன்.”

“ஆற்றை?”

“என்ரை அண்ணி. போன ஐப்பசியிலை மோசம் போட்டா. எனக்கே முந்தநாள்தான் தெரியும். வருஷம் முடியும்வரைக்கும் அண்ணை வரமாட்டார். வந்தாலும் தனியத்தான் வருவார். சோடியா நிக்க எங்கட பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தனான்.” மூச்சு வாங்கினார். “நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கோவமில்லை. நான் வீட்டை போறன். என்னாலை ஏலாது.”

சிவக்கொழுந்து அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி உள்ளே போனார். கதவு பாதி திறந்தே இருந்தது, ஆனால் ஆள் வரவில்லை. அக்கா காத்திருந்தார். மகள் முகம் நினைவுக்கு வந்தது. வண்டியை உதைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. இன்னொரு வாளி.

அக்கா உதைப்பதை நிறுத்தினார். சொந்தக்காரர் அல்லாத ஆள் செத்ததற்கு யாரும் பட்டப்பகலில், மழை தூறும்போது, உடுத்த சேலையோடு தலை முழுக மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அவர்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். எதிர் வீட்டுத் திண்ணைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்த பெண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

சிவக்கொழுந்து அம்மா ஈரம் சொட்டச் சொட்ட முன்வாசலுக்கு வந்தார். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

“சம்பந்தி வீட்டுச் செத்தவீட்டை ஆறு மாசம் கழிச்சுச் சொல்லுறீங்கள்,” என்றார், கோபமாக. “இனி இப்பிடிச் செய்யாதேங்கோ.”

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“வருஷம் முடியட்டும். தையிலை வைப்பம். உங்கட அண்ணை வந்து நிக்கட்டும், நீங்களும் நில்லுங்கோ. ரெண்டு பேருமாப் பிடிச்சுக் குடுங்கோ. ஐயரோடை நான் கதைக்கிறன்.”

“உங்கட சனம்?”

“கதைப்பினம். கதைக்கட்டும். இப்ப உள்ளை வாங்கோ, ரெண்டு பேரும் நனைஞ்சுதானே நிக்கிறம்.”

அக்கா இறங்கப் பார்த்தார். முடியவில்லை. நாலு நாளாக மடங்கியிருந்த முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. சிவக்கொழுந்து அம்மா படியிறங்கி வந்து, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மற்ற ஈரக் கையை அக்காவின் அக்குளில் கொடுத்து, மெல்ல இறக்கினார்.